சிரிப்பக்கா ஸ்டாப்

"டோல்கேட், ஐஸ் பேக்டரி, காசிமேடு, ராயபுரம்! ராயபுரம் ரெண்டு பேரு, ஏறு ஏறு!"

திருவொற்றியூர் தேரடியில் ஷேர் ஆட்டோவை முழுதாக நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே கார்குழலி கூவுகிறாள். கல்லூரிப் பை மாட்டிய ஒரு பெண் ஓடி வந்து, ஒரு காலை உள்ளே வைத்த பிறகு கேட்கிறாள்.

"அக்கா, சிரிப்பக்கா ஸ்டாப் போவுமா?"

"ஐஸ் பேக்டரி போவும்."

"இல்லக்கா, சிரிப்பக்கா."

"ஐஸ் பேக்டரி."

அந்தப் பெண் காலை எடுத்துக்கொண்டு பின்னால் வந்த ஆட்டோவில் ஏறிவிடுகிறாள். அதை ஓட்டுகிற சௌக்கத் அலி தலையை வெளியே நீட்டிச் சிரிக்கிறார். "ஏம்மா கார்குழலி, கூகுள்லயே சிரிப்பக்கான்னு போட்டுக்கீறான். பேக்டரி மூடி இருவது வருஷம் ஆவுது. நீ இன்னும் ஐசு வித்துகினு கீறியே!"

"நீ ரோட்ட பாத்து ஓட்டு பாய். பல்லு காஞ்சிடப் போவுது."

இரண்டும் ஒரே இடம்தான். டோல்கேட்டைத் தாண்டிக் கடலோரச் சாலையில் திரும்பினால், வலது பக்கம் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பின் சுற்றுச்சுவர் நீளமாக வரும். அந்தச் சுவரின் உயரம் முழுக்க ஒரு மீன்காரப் பெண் வரையப்பட்டிருக்கிறாள். தலை, தோள், இடுப்பில் அணைத்த கூடை, கூடையில் நாலு வவ்வால் மீன். வாய் திறந்து சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கிறவர்கள் தங்களை அறியாமல் கொஞ்சம் சிரித்துவிடுவார்கள். கல்யாண ஜோடிகள் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். யூடியூப் பையன்கள் வருகிறார்கள். வந்தவர்கள் வைத்த பெயர்தான் சிரிப்பக்கா. அது நிறுத்தத்தின் பெயராகி, பேருந்து நடத்துநர் வாய்வரை போய்விட்டது. இந்தத் தடத்தில் அந்தப் பெயரைச் சொல்லாமல் வண்டி ஓட்டுகிற ஒரே ஆள் கார்குழலி. இதனால் ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேரை அவள் இழக்கிறாள்.

அவளுக்கு முப்பத்தாறு வயது. சுடிதாருக்கு மேல் காக்கிச் சட்டை, பையில் ஒரு மரச்சீப்பு. மணலியிலிருந்து வரும் டேங்கர் லாரி வழி விடாவிட்டால், அதன் ஜன்னல் உயரத்துக்கு எழும்பி நின்று, "இன்னா மாமு, ரோடு உன் மாமியா வூட்டு சீதனமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள். பக்கத்து இருக்கையில் ஆண்களை ஏற்றமாட்டாள். உப்புக்காற்று ஆட்டோவின் தகரத்தை வாரத்துக்கு ஒரு இடத்தில் தின்றுவிடும். அதற்காக சீட்டுக்கு அடியில் ஒரு சிறிய டப்பாவில் கறுப்பு எனாமல் பெயிண்டும், பாதி முடி உதிர்ந்த ஒரு பிரஷ்ஷும் வைத்திருக்கிறாள். ஞாயிறு காலைகளில் துரு பிடித்த இடங்களைத் தேடித் தேடிக் கறுப்பு வைப்பாள். குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல நிதானமாக வைப்பாள்.

இன்னொரு பழக்கம் உண்டு. ஆட்டோவில் ஏறும் பெண்கள் யாராவது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் அவளுக்குப் பொறுக்காது. கண்ணாடியில் பார்த்து அதட்டுவாள். "கைய எடும்மா. வாய் இன்னா நாறுதா? சிரிச்சா சிரிக்கணும்." சிலர் பயந்து சிரிப்பையே நிறுத்திவிடுவார்கள். சிலர் கோபித்துக்கொண்டு இறங்கிப்போவதும் உண்டு.

சுவர் வரும்போது அவள் கண் இடது பக்கம், கடல்மேல் இருக்கும். ஆள் இறங்கி, வண்டி நகர்ந்து, சுவர் பின்னுக்குப் போன பிறகு, வலது பக்கக் கண்ணாடியில் ஒரு தடவை பார்ப்பாள். அவ்வளவுதான். ஒன்பது வருடமாக அந்தப் படத்தை அவள் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருக்கிறாள். அதனால் ஒவ்வொரு சிக்னலிலும் துப்பட்டா நுனியால் அந்த வலது கண்ணாடியைத்தான் துடைக்கிறாள். இடது கண்ணாடியில் புழுதி படிந்து கிடக்கும்.

சுவரில் சிரிப்பது அவளுடைய அக்கா யசோதரை.

யசோ அந்தக் குடியிருப்பில்தான் இருந்தாள். அதே சுவருக்கு எதிரே, நடைபாதையில் பலகை போட்டு மீன் விற்றாள். அவளைக் கட்டியவன்தான் படத்தை வரைந்தவன். அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்பதால் வீட்டில் மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார்கள். சுவர்களில் அவன் 'மண்' என்று மட்டும் கையெழுத்துப் போடுவான். கட்சிக்காரர்களுக்குச் சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தவன். முகம் வரைவதில் அவனுக்கு ஈடு வடசென்னையில் இல்லை என்று அவனைப் பிடிக்காதவர்களும் சொல்வார்கள். கார்குழலியும் சொல்வாள். "வரைவான். அதுல பொய் சொல்லக்கூடாது."

அவன் குடிப்பதில்லை. குடித்திருந்தால் ஊருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும். காலையில் எழுந்து குளித்து, தலை வாரி, அதன் பிறகும் அடிப்பான். பெரிய வெள்ளம் வந்த வருடம், வெள்ளத்துக்கு ஒரு மாதம் முன்னால், யசோவின் மேல்வரிசை முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. இடது பக்கம். குறுக்கே சாய்வாக. மீன் பலகை நழுவி இடித்துவிட்டது என்று யசோ எல்லோரிடமும் சொன்னாள். தங்கையிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் அப்படித்தான் சிரித்தாள். வெள்ளம் வந்து பழைய ஆல்பத்தையும் பழைய போனையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு எடுத்து, தங்கையின் போனில் இருக்கிற எல்லாப் படங்களிலும் யசோவின் வாய்மேல் ஒரு கை இருக்கிறது.

அடுத்த பொங்கலுக்குக் குடியிருப்போர் மன்றம் சுவரில் படம் கேட்டது. மண்ணாங்கட்டி மனைவியை வெயிலில் நிற்கவைத்துப் போனில் படம் எடுத்தான். கார்குழலி அப்போது பக்கத்தில் நின்று கூடையைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிரி என்றதும் யசோவின் கை தானாக வாய்க்குப் போனது.

"கைய எடு," என்றான்.

"பல்லு அசிங்கமா கீதுய்யா."

"நீ சிரி. பல்ல நான் போட்டுக்கிறேன்."

போட்டான். சுவரில் யசோவுக்கு முப்பத்திரண்டு பல்லும் இருக்கிறது. எட்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, பெயிண்ட் ரோலர் கட்டுகிற நீளக் கம்பால் அவளை அடித்தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டாள். குழம்பு சூடாக இல்லை என்று ஆரம்பித்ததாகக் கோர்ட்டில் சொன்னார்கள். பத்து வருடம் போட்டார்கள். ஒன்பதில் புழல் சிறையிலிருந்து வெளியே வந்து, இப்போது மணலியில் டேங்கர் லாரிகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருக்கிறான்.

யசோவின் மகள் மோகனப்ரியாவுக்கு அப்போது நாலு வயது. கார்குழலி அவளைத் தூக்கிக்கொண்டு புளியந்தோப்பு வாரிய வீட்டுக்குப் போனாள். பெண் பார்க்க வந்தவர்கள் குழந்தையைப் பார்த்துத் தயங்கினார்கள். பிறகு யாரையும் வரவேண்டாம் என்று இவளே சொல்லிவிட்டாள்.

சுவர் நன்றாகத்தான் இருந்தது. எண்ணெய் கலந்த புயல் வெள்ளம் வந்தபோது முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. அதற்கு மேலே உப்பு வேலை செய்தது. முதலில் கூடையும் கூடையைப் பிடித்த விரல்களும் பொரிந்தன. பிறகு முகவாய். இந்த வருடக் கோடையில் கீழ் உதடு சில்லு சில்லாக உதிர ஆரம்பித்தது. ஓரத்தூணில் இருந்த கையெழுத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

மன்றத்தின் செயலாளர் பீம்ராவ் அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டனுப்பினான். பதினாறு வயதில் மண்ணாங்கட்டிக்கு பெயிண்ட் வாளி தூக்கியவன் அவன். இப்போது மெட்ரோ பணிமனையில் வேலை. கூடவே பெயிண்ட் கடை சாலமோன் அண்ணாச்சியும் இருந்தார். குடியிருப்பு ஆட்கள் பத்துப் பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, வர்ற மழைக்கு வாய் காலி," என்றான் பீம்ராவ். "வாய் போச்சுன்னா அப்பறம் இன்னா கீது அந்தப் படத்துல? அவர கூப்ட்டு ஒருக்கா டச்சப் பண்ணிடலாம்னு பாக்கறோம். ஆனா நீ சரின்னு சொல்லணும். நீ சொல்லாம செய்யமாட்டோம்."

"வேற ஆளு கிடைக்கலியா?"

"கிடைச்சான். காலேஜில படிச்ச ஆளு. கூடைய புடிச்சிருக்கற கைய அவன்தான் போட்டான், பாத்தியா நீ? கையா அது? வாழப்பழ சீப்பு!"

சிலர் சிரித்தார்கள். கார்குழலி சிரிக்கவில்லை. கையை அவள் பார்த்ததுமில்லை. கண்ணாடியில் அவ்வளவு கீழே தெரியாது.

"பெயிண்டு பூராவும் நான் தாரேன்மா," என்றார் அண்ணாச்சி. "அவன் செஞ்சது பெரிய பாவம். யாரு இல்லைங்கா? அனுபவிச்சாச்சு. ஆனா அந்தப் படம் என்னம்மா பாவம் செஞ்சுது?"

"அண்ணாச்சி, உங்க கடையில வேல செய்யறவன் உங்க வூட்டுல ஒரு ஆள கொன்னுட்டு ஜெயிலுக்குப் போயி வர்றான்னு வெச்சுக்கங்க. டப்பா ஷோக்கா அடுக்குவான்னு மறுக்கா வேலைக்கு வெச்சுப்பீங்களா?"

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். பீம்ராவ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவன் குரலில் ஏமாற்று எதுவும் இல்லை.

"நான் ஒண்ணு சொல்றேன் கேளுக்கா. சினிமாக்காரன் நம்மள இன்னா காட்றான்? கத்தி, கஞ்சா. பேப்பர்ல நம்ம பிளாக் பேரு கொலை கேஸ் இல்லாம வந்தது ஒரே தபா. அந்தப் படத்தாலதான்."

"எட்டு மாசத்துல கொலை கேஸாவும் வந்துச்சே பீமு. அதே ஆளு. அதே மூஞ்சி."

"ஆள வுடுக்கா. ஆளு வேற, படம் வேற."

"எப்டிடா வேறயாவும்? கம்பு புடிச்சது எந்தக் கை, ப்ரஷ் புடிச்சது எந்தக் கை?"

பீம்ராவ் எழுந்து நின்றான். "அப்போ வெள்ளையடிச்சிடலாமா? நீ சொல்லு. நாளைக்கு காலைல அடிச்சிடறோம்."

கார்குழலி வாயைத் திறந்தாள். ஒன்பது வருடத்தில் எத்தனையோ தடவை அவள் மனதுக்குள் அடித்த வெள்ளைதான் அது. ஆனால் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்று மாலை புளியந்தோப்பு வீட்டில் மோகனப்ரியா பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது பதின்மூன்று. விஷயம் அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் குடியிருப்பில் அவளுக்குத் தோழிகள் இருக்கிறார்கள்.

"வெள்ளையடிக்கப் போறீங்களா சித்தி?"

"யாரு சொன்னா?"

"சொல்லு."

"உங்கப்பன் வந்து தொடணும்ன்றாங்க. என்னிய இன்னா செய்யச் சொல்ற?"

பெண் பேனாவை மூடினாள். "எனக்கு அவர பாக்க வேணாம். அவர் பேரு வேணாம். எங்கம்மா வாய் மட்டும் வேணும்." நோட்டையும் மூடி வைத்துவிட்டு, "போன்ல எல்லாத்துலயும் கை வெச்சுக்கினே கீறாங்க. அம்மா சிரிச்சா எப்டி இருப்பாங்கன்னு எனக்கு அங்கதான் தெரியும்," என்றாள்.

கார்குழலி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தப் பெண்ணுக்குத் தெரிந்த தாய் அவன் போட்ட பல்லோடு சிரிக்கிற தாய். உடைந்த பல்லைப் பற்றி அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டியவள் இவள்தான். ஒன்பது வருடமாகப் பொத்தி வைத்திருந்தாள். அன்று சொன்னாள். எந்தப் பல், எந்தப் பக்கம், எப்படி உடைந்தது, யார் உடைத்தது. பெண் அழவில்லை. எழுந்து போய்க் குளியலறைக் கண்ணாடி முன்னால் உதட்டைத் தூக்கித் தன் பற்களைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

மறுநாள் கார்குழலி பீம்ராவுக்கு போன் செய்தாள். "வரட்டும். ரெண்டு கண்டிஷன். அந்தாளு வர்ற அன்னிக்கு புள்ள அந்தப் பக்கமே இருக்காது. ஸ்டாப்புல, ரோட்டுல, எங்கியும் அவன் புள்ளயத் தேடிக்கினு வரக்கூடாது."

"சரிக்கா."

"ரெண்டாவது, மேல இடது பக்கம் முன்பல்லு பாதிதான் இருக்கணும். அவன் ஒடச்சா மாதிரியே போடணும். அவன் கையாலயே போடணும்."

"இன்னாக்கா இது," என்றான் பீம்ராவ். பிறகு, "கேக்கறேன்," என்றான். சாயங்காலம் அவனே கூப்பிட்டான். "சரின்னுட்டாரு."

அடுத்த ஞாயிறு காலை மண்ணாங்கட்டி வந்தான். தலை முழுக்க நரைத்து, சட்டை தோளில் தொங்கியது. கை மட்டும் நடுங்கவில்லை. இரண்டு டிரம்மின் மேல் பலகை போட்டு ஏறி நின்றான். பொரிந்ததைச் சுரண்டினான். குழிகளில் பட்டி வைத்து நிரவினான். நூறு பேராவது கூடியிருப்பார்கள். பத்தரை மணிக்கு முகவாய் வந்தது. அப்புறம் உதடு. கூட்டத்தில் இருந்தவர்கள், ஒரு சிறு கோட்டுக்கு மேல் இன்னொரு கோடு விழ விழ, உதிர்ந்துபோன சதை திரும்பிவந்து சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயதான மீன்காரி ஒருத்தி, "பாவி, பாவி," என்று முனகினாள். முனகிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

கார்குழலி எதிர்ப்பக்கம், கடல் ஓரமாக வண்டியை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு அதில் பார்த்தாள். மதியத்துக்கு முன் அவன் மேல்வரிசைக்கு வந்தான். ஒவ்வொரு பல்லும் உள்ளங்கை அகலம். ஒன்று, இரண்டு, மூன்று. வரிசை முழுதாக முடிந்தது. பிரஷ்ஷைத் துணியில் துடைத்தான்.

அவள் இறங்கிச் சாலையைக் கடந்தாள். கூட்டம் வழி விட்டது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகச் சுவரை நேருக்கு நேர் பார்த்தாள். முழுப் பல், ஈரத்தோடு பளபளத்தது.

"பல்லு எங்க?" என்றாள்.

அவன் திரும்பினான். "குழலியா? நல்லா கீறியாம்மா?"

"பல்லு எங்க?"

அவன் பலகையிலிருந்து மெல்ல இறங்கினான். குரலும் மெல்லத்தான் வந்தது. "ஒடச்சு போட்டா படம் கெட்டுடும்மா. நான் பேப்பர்ல போட்டு போட்டுப் பாத்தேன். பாக்கறவன் கண்ணு நேரா அந்த ஓட்டைக்குத்தான் போவுது. சிரிப்பு செத்துடுது."

"செத்துடுதா?"

அவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலை நன்றாக வந்திருந்தது. அது அவனுக்குத் தெரிந்திருந்தது. "எனக்கு அவ இப்டிதாம்மா ஞாபகத்துல கீறா," என்றான். "முழு பல்லோட. உள்ள இருந்தப்பகூட இப்டிதான் வருவா."

கார்குழலி திரும்பி நடந்தாள். அவள் போகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆட்டோவின் சீட்டைத் தூக்கி, டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வந்தாள். செருப்பை விட்டுவிட்டுப் பலகைமேல் ஏறினாள்.

"அக்கா, வேணாங்கா," என்றான் பீம்ராவ். கிட்டத்தட்ட அழுதுவிடுவான்போல் இருந்தான். "நம்ம ஏரியாவே பாத்துகினு கீதுக்கா. ஒரு தபா வெச்சுட்டா போவாது அது, எனாமல்."

"போவக்கூடாதுன்னுதான்டா."

அவன் பலகையைப் பிடித்துக்கொண்டான். அவளை இறக்கவா, அவள் விழாமல் இருக்கவா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. மண்ணாங்கட்டி ஓரத்தூணில் சாய்ந்து, தன் கையெழுத்தின் பக்கத்தில் நின்றிருந்தான்.

அவள் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். கறுப்பில் பிரஷ்ஷை முக்கி, பழகிய பக்கத்துக்குக் கொண்டுபோனாள். தொடப்போனவள் நிறுத்திக்கொண்டாள். அவளுக்குப் பழக்கமான பக்கம் கண்ணாடியில் தெரிகிற பக்கம். சுவரில் அது மாறியிருந்தது. எது இடது, எது வலது என்று ஒரு கணம் அவளுக்குக் குழம்பிப்போனது.

கார்குழலி பிரஷ்ஷை வலது கையில் பிடித்தபடி திரும்பி நின்றாள். முதுகைச் சுவரில், அக்காவின் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். இப்போது இரண்டு பேருக்கும் முகம் கடலைப் பார்த்து இருந்தது. உதட்டைத் தூக்கி, இடது கையின் ஒரு விரலைத் தன் வாய்க்குள் விட்டு, மேல்வரிசை இடது பக்க முன்பல்லைத் தொட்டாள். பிறகு அதே விரலைப் பின்னால் கொண்டுபோய், தலைக்குப் பக்கத்தில் அதே பக்கமாக, சுவரில் அழுத்தினாள்.

திரும்பிப் பார்த்தபோது, ஈர வெள்ளையில் ஒரு பல்லின்மேல் அவளுடைய விரல் தடம் பதிந்திருந்தது. அந்தத் தடத்திலிருந்து கறுப்பை இழுத்தாள். குறுக்கே, சாய்வாக, உடைந்திருந்த வாக்கிலேயே.